26.5 நாள் ஏற்ற இறக்கம் ஏன் மங்கியது?

கேள்வி: பெர்மி விண்கலத்தின் காமா கதிர்த் தரவில் 2008 ஆகஸ்ட் முதல் இரண்டு ஆண்டுகளை எடுத்து, எல்எஸ் ஐ +61 303 இரட்டை நட்சத்திரத்தை 26.5 நாளுக்கு மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். முதல் சில மாதங்களில் பளிச்சென்று தெரிந்த ஏற்ற இறக்கம் பிறகு மங்கிவிட்டது. நிரலில் பிழையா? - முதுநிலை இயற்பியல் மாணவி

பதில்: நிரலைச் சந்தேகப்பட வேண்டாம். 2009 மார்ச்சில் இந்த நட்சத்திரமே அப்படித்தான் மாறியது. பெர்மி குழுவினரும் இதையே கண்டார்கள்.

காசியோபியாவில் உள்ள இந்த இணையில், வாயு வட்டு சூழ்ந்த ஒரு பெரிய பிஇ நட்சத்திரத்தைச் சிறிய துணை ஒன்று 26.496 நாளுக்கு ஒருமுறை நீள்வட்டத்தில் சுற்றுகிறது. 2022-இல் சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி 0.269 வினாடித் துடிப்பைப் பிடித்ததால், துணை நியூட்ரான் நட்சத்திரம் என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைத்தது. இந்தச் சுற்றுக்கு மேல் இன்னொரு நீண்ட சுற்றும் இருக்கிறது: சுமார் 1,667 நாள், அதாவது நாலரை ஆண்டுக்குச் சற்று மேல். ரேடியோ வெடிப்புகளின் உயரம் அதன்படி கூடிக் குறைகிறது.

காமா கதிரில் இது விநோதமாகத் தெரியும். துணை பெரிய நட்சத்திரத்தை நெருங்கும்போது வரும் ஒளிர்வு ஏறக்குறைய அப்படியே இருக்கும். விலகியிருக்கும் பாதியில் வருவது மட்டும் 1,667 நாளில் ஏறி இறங்கும். அது ஏறும்போது பள்ளம் நிரம்பி, மடித்த வரைபடம் தட்டையாகிவிடும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

நீண்ட சுற்று எங்கிருந்து வருகிறது? ரேடியோ தரவில் 26.496-க்குப் பக்கத்திலேயே 26.92 நாள் என்று இன்னொரு காலமும் கிடைக்கிறது. தம்புராவில் இரண்டு தந்திகள் சற்றே சுருதி விலகினால் ஒலி விம்மி விம்மி வருமே, அதே கணக்குதான். இரண்டின் தலைகீழிகளைக் கழித்து, விடையை மறுபடி தலைகீழாக்குங்கள். 1,667-க்கு மிக அருகில் வரும். 26.92 என்பது துணையிடமிருந்து பீறிடும் துகள் தாரையின் (ஜெட்) திசை பம்பரம் போல மெல்லச் சுழலும் காலம் என்கிறார்கள். விம்மல் அல்ல, பிஇ நட்சத்திரத்தின் வட்டு பெருத்துச் சிறுப்பதே நீண்ட சுற்றுக்குக் காரணம் என்போரும் உண்டு. என் சாய்வு விம்மல் பக்கம்: 1977-இல் தொடங்கிய ரேடியோ பதிவுகளில் இந்தக் காலம் பல சுற்றுகளாக மாறாமல் வருகிறது. பிஇ நட்சத்திர வட்டுகள் பொதுவாக அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இரண்டு ஆண்டுத் தரவு போதாது. இவ்வளவு நெருங்கிய இரு காலங்களைப் பிரித்துக் காட்ட, தரவின் நீளமே ஏறக்குறைய ஒரு விம்மல் காலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அலைவெண் படத்தில் இரு முகடுகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பெர்மி தரவு பொதுவில் கிடைக்கிறது. பத்து ஆண்டாவது எடுங்கள். ஜூலியன் நாள் (வானியலாளர்களின் தொடர் நாள் எண்) 2443366.775-ஐ இரண்டு சுற்றுக்கும் தொடக்கமாக வைத்து, 26.496 நாள் சுற்றின் கட்டம் (சுற்றில் கடந்த பங்கு) 0.5 முதல் 1.0 வரை, அதாவது துணை விலகியிருக்கும் பாதியில், உள்ள புள்ளிகளைத் தனியே பிரித்து, தரவில் ஒளிந்திருக்கும் காலங்களைத் தேடும் லோம்ப்–ஸ்கார்கில் கணக்கைப் போடுங்கள். மற்ற பாதிக்கும் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். 26.92 எந்தப் பாதியில் தலைகாட்டுகிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.