வாடகை வீட்டு ஓர்கிட் சுவர்: கழற்றிக்கொண்டு போகலாமா?

கேள்வி: ஹட்டனில் கடை ஒன்றின் மேல்மாடியை மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்து நானும் மனைவியும் குடியிருக்கிறோம். நொத்தாரிசு முன் எழுதிய உறுதி இருக்கிறது. ஹோல் சுவரில் ஜீ.ஐ. பிரேம் பூட்டி, தும்பும் கரியும் வைத்து, பம்பு, டைமர், விளக்கு எல்லாம் போட்டு எழுபது எண்பது ஓர்கிட் வளர்க்கிறேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துப் பாராட்டினார், வட்ஸ்அப்பில் படமும் கேட்டு வாங்கினார். குத்தகை முடிய இன்னும் இரண்டு மாதம். இப்போது "சுவரில் இருப்பது எல்லாம் வீட்டோடு சேர்ந்தது, கழற்றக் கூடாது" என்கிறார். கீழே கடையின் சீலிங்கில் ஈரம் படிந்திருப்பதாகச் சொல்லி முற்பணம் முழுவதையும் பிடித்துக்கொள்ளப் போகிறாராம். எதிர்த்துப் பேசினால் பூட்டுப் போடுவாராம். செடிகளில் இரண்டு, நண்பர் ஒருவர் சிவனொளிபாதமலைக் காட்டுப் பக்கமிருந்து கொண்டுவந்தவை. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: கழற்றலாம். ஆனால் குத்தகை முடிவதற்கு முன் கழற்ற வேண்டும், சுவரைச் சிதைக்காமல் கழற்ற வேண்டும். உறுதியில் இதற்கு மாறாக ஏதும் எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு.

வீட்டுக்காரர் சொல்வது முழுக்கக் கற்பனை அல்ல. நம் நாட்டில் இந்த விடயத்தை ஆள்வது ரோமன்-டச்சுச் சட்டம். நிலத்தோடு நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது நிலத்தின் சொந்தக்காரருக்கே என்பது அதன் பழைய விதி. ஆனால் சேர்ந்துவிட்டதா என்பதைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. பொருள் எப்படிப்பட்டது, எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தப்பட்டது, பொருத்தியவர் என்ன எண்ணத்தில் பொருத்தினார் என்ற மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். ஸ்குரூவைக் கழற்றினால் இறங்கிவிடும் பிரேமும், வயரைப் பிடுங்கினால் கையோடு வரும் பம்பும் நிரந்தரம் என்று சொல்வது கடினம். செடிச்சுவர் செய்கிறவர்கள் ஈரம் ஏறாமலிருக்க பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி விடுவது வழக்கம். நீங்களும் விட்டிருந்தால் அதைப் பக்கவாட்டிலிருந்து தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். செடி வளர்ப்பவரின் முன்யோசனை இங்கே வழக்குக்கும் உதவுகிறது. மாறாக, மேசன் பாஸை வைத்து சீமெந்தில் தொட்டி கட்டி டைல் பதித்திருந்தால் அந்தப் பகுதியை மறந்துவிடுங்கள். உடைத்து எடுக்கப் போனால் நட்டஈடு உங்கள் தலையில் விழும்.

சரி, செலவழித்த காசை வீட்டுக்காரரிடம் கேட்கலாமா? பலர் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வீட்டைக் காப்பாற்ற அவசியமான செலவு, வீட்டின் பெறுமதியைக் கூட்டும் பயனுள்ள செலவு, அழகுக்கான செலவு என்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது. ஒழுகும் கூரையைத் திருத்தியிருந்தால் பேச இடமுண்டு. ஓர்கிட் சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றாவது வகைதான், அதற்குக் காசு கிடைக்காது. பொருளை எடுத்துக்கொண்டு போகும் உரிமைதான் மிச்சம். அதையும் குத்தகை முடிந்து சாவியைக் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். ஆகவே கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது உறுதியை எடுத்து, சேர்த்தல்கள், மாற்றங்கள் பற்றிய வாசகத்தைத் தேடுங்கள். எழுத்துமூல அனுமதியின்றி எதுவும் பொருத்தக் கூடாது என்றோ, பொருத்தியவை வீட்டுக்காரரைச் சேரும் என்றோ பல உறுதிகளில் அச்சடித்தாற்போல் இருக்கும். முதலாவது இருந்தால் வட்ஸ்அப் உரையாடல் உங்களுக்குத் தேவைப்படும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அத்தகைய செய்திகளைச் சாட்சியமாக முன்வைக்கலாம். படத்தைக் கேட்டு வாங்கிப் பாராட்டியவர், பிறகு அனுமதியே தரவில்லை என்று சொல்வது எடுபடுவது சிரமம். இரண்டாவது வாசகம் இருந்தால், வீட்டுக்காரரோடு சமாதானமாகப் பேசுவதே மேல்.

ஈரம்தான் உங்கள் வழக்கில் உண்மையான ஆபத்து. குத்தகைக்காரர் வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், சாதாரணப் பாவனைத் தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை. உங்கள் பம்பு நீர் கசிந்து சீலிங் கெட்டிருந்தால் திருத்தச் செலவு நியாயமாக உங்களுடையது. ஆனால் ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஈரம் பிடிக்காத கட்டிடம் எத்தனை? பீலி உடைந்து வெளிச்சுவரால் வந்த ஈரமாகவும் இருக்கலாம். இதை வாயால் வாதாடுவதில் பயனில்லை. பம்பை நிறுத்திவிட்டு, செடிகளுக்குக் கையால் தெளித்து, சில வாரங்கள் கறையைத் திகதியோடு படம் எடுங்கள். கறை காய்கிறதா, மழை நாளில் பெரிதாகிறதா என்பது தெரிந்துவிடும். கறை பிரேமுக்கு நேர் கீழே இருக்கிறதா, வெளிச்சுவர் ஓரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் கட்டிடம் தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் விதி. நட்டத்தையும் அதன் காரணத்தையும் காட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

கறை உங்களால் வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு சீலிங் பலகைக்காக முற்பணம் முழுவதையும் விழுங்க முடியாது. திருத்தச் செலவுக்கான பில்லைக் கேளுங்கள். அப்புறம், முற்பணம் திரும்பி வராது என்ற பயத்தில் கடைசி இரண்டு மாத வாடகையைக் கட்டாமல் விடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், நிலுவைக்காரர் என்ற பெயர் உங்கள் பக்கம் வந்துவிடும். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். எந்தத் திகதியில் பிரேமைக் கழற்றப் போகிறீர்கள், ஆணி ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடித்துத் தருவீர்கள், அன்று வந்து பார்க்கலாம், முற்பணத்தை இன்ன திகதிக்குள் தர வேண்டும். இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். தராவிட்டால், தொகையைப் பொறுத்து முதலில் இரு தரப்பையும் சமரசம் செய்து பார்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே சரிவராவிட்டால், இணக்கம் ஏற்படவில்லை என்று அவர்கள் தரும் சான்றிதழோடு நீதிமன்றம். எழுத்திலான ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட 6 வருடம் உண்டு, அவசரமில்லை.

பூட்டுப் போடுவேன் என்பது வெறும் மிரட்டல் என்று நினைக்கிறேன். அப்படியே செய்தால் பூட்டை உடைக்கப் போகாதீர்கள். உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியேற்ற நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த இரண்டு மாதத்தைப் பேச்சுவார்த்தையில் கரைத்துவிடக் கூடாது.

கடைசியாக அந்த இரண்டு செடிகள். நீங்கள் கடைசி வரியில் கேட்டிருந்தாலும் குற்றவியல் பக்கம் இது ஒன்றுதான். சிவனொளிபாதமலையைச் சுற்றியுள்ள காடு 1940 முதல் சரணாலயம். அங்கிருந்தோ ஒதுக்குக் காட்டிலிருந்தோ அனுமதியின்றிச் செடி எடுப்பது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்திலும் வனக் கட்டளைச்சட்டத்திலும் மாட்டும். வெசாக் ஓர்கிட் போன்ற சில இனங்கள் எங்கே வளர்ந்தாலும் பாதுகாக்கப்பட்டவை. வீட்டுக்காரரோடு தகராறு முற்றினால் முதலில் வெளியே வருவது இதுவாகத்தான் இருக்கும். நாற்றுமேடையில் வாங்கிய மற்றச் செடிகளின் பில்களைத் தேடி எடுத்து வையுங்கள். இந்த இரண்டையும் விற்கவோ, கைமாற்றவோ, முகநூலில் படம் போடவோ வேண்டாம். பிரேமைக் கழற்றும் முன் ஒரு சட்டத்தரணியை நேரில் பார்த்து, நண்பர் எங்கே எப்படி எடுத்தார் என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.