குன்னூர் வீட்டுக்கு ஏசியா, கூலரா?

கேள்வி: குன்னூரில் சொந்த வீடு. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்ஷன் வருகிறது. மாடியில் தகர ஷீட் போட்ட படுக்கையறை. மார்ச், ஏப்ரலில் மதியம் அங்கே உட்காரவே முடியவில்லை. கணவருக்கு 71 வயது, கீழே இறங்கி வர மாட்டேன் என்கிறார். "நோ காஸ்ட் இஎம்ஐ-யில் ஏசி போட்டுடலாம்மா" என்கிறான் மகன். பத்தாயிரத்துக்கு ஒரு கூலர் போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது. எதை வாங்கலாம்? இதற்காக ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்கலாமா?

பதில்: இருபது வருஷத்துக்கு முன்னால் குன்னூரிலிருந்து இப்படிக் கடிதம் வந்திருந்தால் சிரித்திருப்பேன் அம்மா. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியே 29 டிகிரியைத் தொட்டுவிட்டது. இப்போது சிரிப்பதற்கில்லை.

முதலில் எத்தனை நாள் ஓடப்போகிறது என்று பாருங்கள். கோடை மழை பிடித்துக்கொண்டால் மலையில் ஏசிக்கு வேலை இல்லை; ராத்திரியில் எப்படியும் தேவைப்படாது. தாராளமாக வைத்தாலும் வருஷத்துக்கு 45 மதியம், தினம் ஐந்து மணி நேரம்.

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, ஸ்டெபிலைசர், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 43,000 என்று வைப்போம். பத்து வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 4,300. சர்வீஸ் 1,200. மின்சாரம்தான் கவனிக்க வேண்டிய இடம். தினம் 4 யூனிட் என்றால் சீசனுக்கு 180 யூனிட். கீசர் ஓடும் மலை வீடு, உங்கள் பில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் என்று எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலை கட்டணப்படி அதற்குச் சுமார் 1,300 ரூபாய். 600 யூனிட் ஆனால் 2,900-ஐத் தாண்டும். காரணம், 500-ஐத் தாண்டிய உடனே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் பாதி விலைச் சலுகை போய்விடுகிறது. அந்த 45 நாள் இரண்டு பில்லில் சரிபாதியாகப் பிரிந்தாலும் ஒவ்வொன்றும் 510 ஆகும். 500-க்கு மேல் போன அந்தப் பத்து யூனிட்டுக்கு மட்டும் சுமார் 330 ரூபாய் கூடுதல்! மின் அட்டையில் ரீடிங் தேதியை ஒருமுறை பார்த்து வையுங்கள்.

எல்லாம் கூட்டினால் ஒரு மதியத்துக்கு 158 ரூபாய். கூலருக்கு இதே கணக்கைப் போட்டால் 60-க்குள் அடங்கும்.

அதற்காகக் கூலர் வாங்கச் சொல்லவில்லை. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. ஈரப்பதம் 40 சதவீதம் உள்ள 29 டிகிரி மதியத்தில் 22 டிகிரிக் காற்று வரும். அதே 29 டிகிரியில் ஈரப்பதம் 85 ஆனால் 27-க்குக் கீழே இறங்காது. மார்ச்சில் சுகமாக இருக்கும். மூடுபனி இறங்கும் நாளில் வெறும் ஃபேன்தான். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் அறையே நசநசத்துப் போகும். தினம் மூன்று குடம் தண்ணீர் வேறு குடிக்கும். குன்னூரில் கோடைத் தண்ணீர் பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 சூட்டில் நானும் ஒரு கூலர் வாங்கினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டினோம். ஜூனில் பீரோவைத் திறந்தால் தோல் பெல்ட் முழுக்க வெள்ளைப் பூசணம், பட்டுச் சேலைப் பெட்டியில் புழுங்கல் வாடை. ஈரத்தோடு வருஷம் முழுக்கப் போராடும் ஊரில் காசு கொடுத்து ஈரத்தை வீட்டுக்குள் விட்டிருக்கிறேன்.

உங்கள் அறையைச் சுட வைப்பது அந்தத் தகரம். அதற்குக் கீழே ஏசி போட்டால், தகரம் இறக்குகிற சூட்டை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், நீங்கள் பில் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். 12-க்கு 14 அடி அறை என்று வைத்துக்கொண்டால், ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளை கூல்-ரூஃப் பெயின்ட் இரண்டு கோட்டு அடிக்க ஐந்தாயிரம், உள்ளே ஃபால்ஸ் சீலிங்குக்குப் பதினைந்தாயிரம், மின்சாரம் குறைவாக இழுக்கும் ஒரு பிஎல்டிசி ஃபேனுக்கு மூவாயிரம் என்று என் மதிப்பு. ஃபேன் 30 வாட்டுதான். பில்லில் தெரியவே தெரியாது. மலை வீடுகளில் பாதிக்கு ஃபேன் கொக்கியே இருக்காது, உங்கள் வீட்டிலும் இல்லையென்றால் சீலிங் போடுமுன் இரும்புச் சட்டத்தில் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரியில் இதே சீலிங் அறைச் சூட்டை வெளியே விடாது; ரூம் ஹீட்டர் செலவும் குறையும்.

டெபாசிட்டைத் தொடாதீர்கள். முன்கூட்டி எடுத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். 23,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலிருந்தே எடுக்கலாம். மகன் சொல்லும் இஎம்ஐ-யில் பிராசஸிங் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் ஒளிந்திருக்கும். ரொக்கத்துக்குக் கடைக்காரர் தரும் தள்ளுபடியும் போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அய்யாவுக்கு இதயமோ பிரஷரோ சரியில்லை, சூடு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் 158 ரூபாய்க் கணக்கெல்லாம் வேண்டாம்; சீலிங்கைப் போட்டுவிட்டு ஏசியையும் வாங்கி 26 டிகிரியில் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஒரு கோடை பொறுத்துப் பாருங்கள். பெயின்ட் வேலையை மட்டும் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். ஷீட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஏப்ரல் மழை விழுந்துவிட்டால் ஆள் மேலே ஏற மாட்டார்.