பிரான்ஸ் கிராமங்களில் ஊர் நடுவே இருக்கும் பழைய கல் நீரூற்றுகள் எதற்காகக் கட்டப்பட்டன? வெறும் அழகுக்காகவா?

இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் வருவதற்கு முன்பு ஊரின் உயிரே அதுதான். மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து தண்ணீர் தானாகவே சரிந்து வரும், மோட்டார் கிடையாது. முதலில் விழும் சுத்தமான தண்ணீர் குடிக்க. வழிந்தது அடுத்த தொட்டியில் மாடு, குதிரைகளுக்கு. பல ஊர்களில் அதற்கும் கீழே 'லவ்வார்' என்ற துணி துவைக்கும் தொட்டி. ஒரே தண்ணீர், மூன்று வேலை. இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

லவ்வாரின் சாய்ந்த கல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள்; அடித்துத் துவைத்துத் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். பெண்கள் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிக்குள் முட்டிபோட்டுத் துவைத்தார்கள். ஊர்ச்செய்தி எல்லாம் அங்கேதான். காலரா பயத்துக்குப் பிறகு, பொதுக் குளியலறைகளும் லவ்வார்களும் கட்ட 1851-இல் தனிச் சட்டம் போட்டு அரசே பணம் கொடுத்தது.

தெற்கு பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் பெர்ன் என்ற ஊரில் மட்டும் சுமார் 40 நீரூற்றுகள். ஊர்ப் பெயரே இன்று 'பெர்ன்-லெ-ஃபோன்தேன்', அதாவது நீரூற்றுகளின் பெர்ன். போனால் ஒன்று: 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையேந்துங்கள்.