கடல் மீன் தொட்டிக்குத் தவணையா?

கேள்வி: உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாத வருமானம் சுமார் 26,000 ரூபாய், கையிருப்பு 40,000. பத்தாவது படிக்கும் மகன் கடல் மீன் தொட்டி கேட்கிறான். கடையில் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி), புரோட்டீன் ஸ்கிம்மர், தொட்டி எல்லாம் சேர்த்து 28,000 என்கிறார்கள். தவணையில் என்றால் மாதம் 2,650 வீதம் 12 மாதம். வாங்கலாமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: தொட்டி வைக்கலாம் சார், ஆனால் இந்தக் கணக்கில் வேண்டாம். 2,650-ஐ 12-ஆல் பெருக்கினால் 31,800. தவணைக்காக மட்டும் 3,800 கூடுதல். கையிருப்பும் உங்கள் ஒன்றரை மாத வருமானம்தான். கடை ஒரு மாதம் படுத்தால் அதுதான் சோறு போடும். அதிலிருந்து 10,000-க்கு மேல் எடுக்காதீர்கள்.

அந்தத் தொகைக்குள் முடியுமா? உங்கள் ஊரில் முடியும். ஸ்கிம்மரின் வேலை, மீன் கழிவை அழுகுவதற்கு முன்பே நுரையாக வெளியே தள்ளுவது. உப்புத்தூள் வாங்கிக் கடல்நீர் தயாரிக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொரு வாளித் தண்ணீரும் காசு. உங்களுக்கு இருபுறமும் கடல். 100 லிட்டர் தொட்டி, இரண்டு சிறிய மீன் என்றால் வாரம் 15 லிட்டர் மாற்றினால் போதும், ஸ்கிம்மர் இல்லாமலே ஓடும். ஃபில்டருக்கு, விளிம்பில் மாட்டும் ஹேங் ஆன் வகை ஒன்று, துணைக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். அதில் குடியிருக்கும் பாக்டீரியாதான் உண்மையான ஃபில்டர். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

கரண்ட் பில்லை யாரும் சொல்ல மாட்டார்கள். கேனிஸ்டரும் ஸ்கிம்மரும் சேர்ந்து 45 வாட் இழுத்தால், இரவு பகலாக ஓடும்போது இரண்டு மாதத்துக்கு 65 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் மீனுக்கே போய்விடும். நான் சொல்லும் ஏற்பாடு 10 வாட் என்று வைத்தால் 15 யூனிட்டுக்குள் அடங்கும்.

தண்ணீரை எங்கே எடுப்பது? ஆடிக் காற்றில் தென்கடல் கலங்கும், வாடைக் காலத்தில் வடகடல் கலங்கும். எது அமைதியோ அந்தப் பக்கம் போங்கள். துறைமுகம், சாக்கடை வாய் பக்கம் வேண்டாம், பெருமழை பெய்த மறுநாளும் வேண்டாம். துணியில் வடித்து, மூடிய கேனில் நிழலில் இரண்டு நாள் தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். ஆவியாகிக் குறைவதை மட்டும் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உப்பு ஆவியாகாது.

கரையில் கிடக்கிறதே என்று பவளப் பாறையைப் பையனை எடுத்துவரச் சொல்லாதீர்கள். பவளம் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சிறைத் தண்டனை குறைந்தது 3 ஆண்டு. கடையில் ‘லைவ் ராக்’ (நுண்ணுயிர்கள் குடியேறிய பவளக் கல்) என்று விற்றாலும் வேண்டாம். பாக்டீரியா குடியிருக்க ஃபில்டரில் போடும் பீங்கான் வளையங்கள் போதும், மணல் இல்லாமலும் தொட்டி ஓடும்.

தொட்டி நிறைந்த பிறகு, கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. அவசரக்காரருக்கு இது தலைவலி, உங்கள் பர்ஸுக்கு நல்லது. முதல் மாதம் தொட்டியும் ஃபில்டரும், அடுத்த மாதம் அம்மோனியா டெஸ்ட் கிட், உப்பளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர், கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப். அப்புறம்தான் மீன். கிட், ஹைட்ரோமீட்டர், பேட்டரி பம்ப் இந்த மூன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது; செத்த மீனுக்குப் பதில் வாங்குவதில்தான் பலருக்கும் காசு கரைகிறது.

மீனுக்கு, வளர்ப்பில் பொரித்த கோமாளி மீன் (க்ளவுன் ஃபிஷ்) ஒரு ஜோடி. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இவற்றைப் பொரிக்க வைத்து வளர்க்கும் முறையில் வேலை செய்திருக்கிறது. குஞ்சு எங்கே கிடைக்கும் என்று அங்கே போய்க் கேளுங்கள். வலையில் பிடித்ததைவிட இவை தொட்டிக்குச் சீக்கிரம் பழகும்.

ஆறு மாதம் கழித்தும் பையனே கேனைத் தூக்குகிறான் என்றால் ஸ்கிம்மரைப் பற்றி யோசிக்கலாம். அதையும் ரொக்கத்தில்.