எம்.ஆர்.ஐ. நார்மல்... ஆனால் கால் வரவில்லை!

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் படிக்கிறாள். இரண்டு மாதமாக வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். எம்.ஆர்.ஐ. நார்மல். 'ஃபங்ஷனல் நியூரலாஜிக்கல் டிஸ்ஆர்டர்' என்கிறார் நியூராலஜிஸ்ட். கேள்விப்படாத நோயாக இருக்கிறது. நடிக்கிறாள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். டாக்டருக்குப் பிடிபடாமல் ஏதோ பெயர் வைத்துவிட்டாரோ? ஊருக்கு வரவழைத்து எல்லா டெஸ்ட்டும் மறுபடி எடுக்கட்டுமா?
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: நாம் கேள்விப்படாததாலேயே அது அபூர்வ நோய் ஆகிவிடாதம்மா. மூளை, நரம்பின் அமைப்பில் சேதம் இல்லாமல், அவை வேலை செய்யும் விதத்தில் வரும் கோளாறைத்தான் 'ஃபங்ஷனல்' என்கிறார்கள். உங்கள் மகள் இருக்கும் நாட்டிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2002 முதல் 2004 வரை ஸ்காட்லாந்தின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுகளுக்குப் புதிதாக வந்த 3,781 பேரில் 19 சதவீதம் பேருக்குத் தலைவலி. அடுத்த இடம் வலிப்புக்கு இல்லை. ஃபங்ஷனல் மற்றும் மனம் சார்ந்த பாதிப்புகளுக்கு, 16 சதவீதம்.

மொத்த ஜனத்தொகையில் பார்த்தால், லட்சம் பேரில் வருடத்துக்கு 4 முதல் 12 பேருக்கு இது புதிதாக வருகிறது என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. சுமார் 55 லட்சம் பேர் உள்ள ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சில நூறு பேர். குடும்ப டாக்டரோடு நின்றுவிடுகிறவர்கள் இதில் வர மாட்டார்கள். உண்மை எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

தவறாகப் பெயர் வைத்துவிட்டாரோ என்ற பயம் நியாயமானது. அதே ஆய்வில், அறிகுறிகளுக்கு உடல் நோய் காரணமில்லை, அல்லது ஓரளவுதான் காரணம் என்று டாக்டர்கள் கருதிய 1,030 பேரைப் பற்றிச் சுமார் ஒன்றரை வருடம் கழித்து அவர்களுடைய குடும்ப டாக்டர்களிடம் விசாரித்தார்கள். அந்த அறிகுறிகளுக்குக் காரணமான வேறு நோய், எதிர்பாராமல் வெளிப்பட்டது 4 பேருக்குத்தான்.

ஸ்கேன் நார்மல் என்பதற்காக மட்டும் இந்த முடிவுக்கு வருவதில்லை. 1908-இல் ஹூவர் என்ற மருத்துவர் விவரித்த சோதனை ஒன்று உண்டு. நோயாளியைப் படுக்க வைத்து, பலவீனமான காலின் குதிகாலுக்கு அடியில் டாக்டர் கையை வைப்பார். 'கீழே அழுத்தும்மா' என்றால் அழுத்த வராது. 'அடுத்த காலைத் தூக்கு' என்று சொல்லி, அதைத் தூக்கவிடாமல் தடுத்தால், வராத கால் தானாகவே அவர் கையை அழுத்தும். நரம்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன. வேண்டுமென்று முயலும்போது மூளையின் கட்டளைதான் தடைபடுகிறது. இது நடிப்பு அல்ல. சொந்தக்காரர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

டெஸ்ட்டுகளைத் திரும்ப எடுப்பதைவிட, இந்நோயில் பழக்கமுள்ள பிசியோதெரபிஸ்ட்டிடம் அவள் சீக்கிரம் சேருவதுதான் முக்கியம். காலையே கவனித்து நடந்தால் நடை மோசமாகும். கவனத்தை வேறு பக்கம் திருப்பி நடக்கப் பழக்குவார்கள். நீங்களும் தினமும் போனில் 'கால் எப்படி இருக்கு?' என்று ஆரம்பிக்காதீர்கள்; சாப்பாடு, படிப்பு, சிநேகிதிகள் பற்றிக் கேளுங்கள். புதிதாக வேறு தொந்தரவு வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லட்டும். இது இருப்பவர்களுக்கு வேறு நோயும் வரலாம்.