பிஆர்சிஏ சோதனையில் 'இல்லை' என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

எச்சில் மாதிரி அனுப்பிச் செய்த மரபணுச் சோதனையில், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இல்லை என்று வந்திருக்கிறது. இனி மார்பகப் புற்றுநோய் பயம் வேண்டாமா என்பது கேள்வி.

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை மாற்றங்களைத் தேடினார்கள் என்று அறிக்கையில் பாருங்கள். 2018இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நேரடி விற்பனைக்கு முதலில் அனுமதித்த பிஆர்சிஏ சோதனை தேடியது மூன்றே மூன்று, அதுவும் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. நோய் தரும் பிஆர்சிஏ மாற்றங்களோ ஆயிரத்துக்கும் மேல். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்திருந்தால், முடிந்தவரை அவருக்கே முதலில் முழு மரபணு வரிசையையும் பார்க்க வேண்டும். அவரிடம் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டு, அதே மாற்றம் உங்களிடம் இல்லையென்றால்தான் அந்த 'இல்லை'க்கு மதிப்பு.

ஆய்வகம் சரியாகப் படித்ததா, அந்த மாற்றத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உறுதியா என்பதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் பல சோதனைகள் இடறுவது அடுத்த கேள்வியில்: முடிவு தெரிந்தபின் சிகிச்சையில் என்ன மாறும்?

எச்.ஐ.வி மருந்து அபாகாவிரைப் பாருங்கள். எச்எல்ஏ-பி*57:01 என்ற மரபணு வகை இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான் கடும் ஒவ்வாமை வரும். கேட்டால் சுமாரான சோதனை போலிருக்கும். ஆனாலும் 2008இல் வெளியான ஆய்வில், சோதித்து, அந்த வகை இல்லாதவர்களுக்கே மருந்து கொடுத்த குழுவில் தோல் ஒட்டுச் சோதனையால் உறுதியான ஒவ்வாமை ஒருவருக்கும் இல்லை. சோதிக்காத குழுவில் 2.7%. மாற்று மருந்து கைவசம் இருப்பதால் சோதனைக்குப் பலன் உண்டு.

'பொருள் உறுதியாகாத மாற்றம்', அதாவது நோய் தருமா என்று இன்னும் தெரியாத மாற்றம், என்று அறிக்கையில் இருந்தால், அதை நம்பி அறுவை சிகிச்சைக்குப் போகாதீர்கள். அத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே வகைமாற்றப்படுகின்றன.