முதலில் பெயர்கள், அப்புறம் மாளிகை

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். மார்ச் விடுமுறையில் எல்லோரும் காரில் நியூ ஆர்லின்ஸ் போகிறோம். வழியில் மிசிசிப்பி ஆற்றோரம் இருக்கும் பழைய கரும்புத் தோட்ட மாளிகைகளைப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் 13 வயது மகள், “அடிமைகளை வைத்திருந்த வீட்டைப் போய் ரசிக்கலாமாம்மா?” என்கிறாள். மகனுக்கு 8 வயது. போகலாமா? போனால் எங்கே போவது? அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போங்கள். உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. அவளைச் சமாதானப்படுத்த முயல வேண்டாம். அங்கே இருக்கும் வழிகாட்டியிடமும் அவள் அதைக் கேட்கட்டும்.

நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான்: எதை முதலில் பார்க்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். வெள்ளைத் தூண்களையும் ஓக் மரச் சாலையையும் முதலில் பார்த்துவிட்டால், அப்புறம் கேட்கும் வரலாறு காதில் ஏறாது. அதனால் முதல் நிறுத்தம் வாலஸ் என்ற சிற்றூரில் இருக்கும் விட்னி தோட்டமாக இருக்கட்டும். நீங்கள் வரும் வழியில் பாட்டன் ரூஜைத் தாண்டி, நியூ ஆர்லின்ஸ் வருவதற்கு முன்பே அது வந்துவிடும்.

2014 இறுதியில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட இடம் அது. முதலாளி குடும்பத்தின் கதையை ஓரமாக வைத்துவிட்டு, அடிமைகளாக இருந்தவர்களின் கதையைச் சொல்வதற்காகவே நடத்துகிறார்கள். அந்தத் தோட்டத்தில் உழைத்த 350-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஒரு சுவரில் இருக்கின்றன. இன்னொரு நினைவிடத்தில், லூசியானா முழுவதும் ஆவணங்களில் கிடைத்த 1,07,000 பெயர்கள். பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மாமியாரை அங்கே அவசரப்படுத்தாதீர்கள், நின்று பார்க்கட்டும்.

அங்குள்ள பழைய தேவாலயத்துக்குள் நிஜக் குழந்தைகளின் உயரத்திலேயே குழந்தைச் சிற்பங்கள் நிற்கின்றன. ஏன் எல்லாமே குழந்தைகள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. 1930-களின் பிற்பகுதியில், அடிமை வாழ்வை அனுபவித்தவர்களைத் தேடிப் போய் அரசாங்க எழுத்தாளர்கள் பேட்டி எடுத்தார்கள். அப்போது உயிரோடு இருந்த முதியவர்கள், விடுதலை கிடைத்தபோது சிறுபிள்ளைகள். அந்த வயதில்தான் அவர்களை வடித்திருக்கிறார்கள். உங்கள் மகன் உயரத்துக்கு ஒரு பையன் நிற்பான். அதற்கு மேல் நீங்கள் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

ஒரு எச்சரிக்கை. 1811-இல் அந்தப் பகுதியில் அடிமைகள் பெரிய கிளர்ச்சி செய்தார்கள். பிடிபட்டவர்களைக் கொன்று, தலைகளைக் கம்பங்களில் செருகி ஆற்றோரமாக நட்டு வைத்தார்கள். அதன் நினைவாகவும் அங்கே சிற்பங்கள் உண்டு. சின்னவனை அந்தப் பக்கம் கூட்டிப் போக வேண்டாம். மகள் பார்க்கலாம், ஆனால் அவள் விருப்பம்.

வளாகத்தில் இரும்புக் கொப்பரைகள் கிடக்கும். நம் ஊரில் வெல்லம் காய்ச்சுவோமே, அதே வேலைதான். பெரிய கொப்பரையில் தொடங்கி, சாறு சுண்டச் சுண்ட அடுத்தடுத்த சிறிய கொப்பரைக்குக் கொதிக்கக் கொதிக்க அகப்பையால் மாற்றுவார்கள். பனி விழுவதற்குள் கரும்பை வெட்டி அரைத்தாக வேண்டும் என்பதால் அக்டோபரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை இரவு பகலாக ஆலை ஓடியது. தூக்கக் கலக்கத்தில் கை போனவர்கள், வெந்து போனவர்கள் உண்டு. அந்த வட்டாரத்து மாளிகைத் தோட்டங்களில் இதே கொப்பரைகளில் தண்ணீர் நிரப்பி அல்லிப்பூ வளர்ப்பதைப் பார்ப்பீர்கள். எனக்கு அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் ஓக் ஆலி. பக்கம்தான், அதே நாளில் முடித்துவிடலாம். இரு வரிசையாக 28 ஓக் மரங்கள், கோடியில் 1830-களில் எழுந்த மாளிகை. அழகுதான், மறுக்க முடியாது. மகளோடு அங்கே குடும்பப் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் திரும்ப எழுப்பியிருக்கும் அடிமைக் குடில்களைப் பார்த்துவிட்டு எடுங்கள். சில மாளிகைகளில் வழிகாட்டிகள் “பணியாளர்கள்” என்று மழுப்புவார்கள். நான் போன ஒன்றில் ஒரு மணி நேரமும் அப்படித்தான் ஓடியது. அப்போது மரியாதையாகக் கேளுங்கள்: சமைத்தது யார், அவர்கள் எங்கே தூங்கினார்கள், சம்பளம் உண்டா?

நேரம் இருந்தால் அருகில் இருக்கும் லாரா தோட்டத்தையும் பாருங்கள். அங்குள்ள குடில்களில் 1977 வரை ஆட்கள் குடியிருந்தார்கள். பழைய பயணக் கட்டுரைகளில் நாட்டவே மாளிகையைப் புகழ்ந்திருப்பார்கள். அது 2025 மே மாதம் எரிந்து போய்விட்டது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் போகலாம், நியூ ஆர்லின்ஸிலிருந்து சுமார் மூன்று மணி நேரம். அங்கே மெல்ரோஸ் மாளிகையின் சாப்பாட்டு மேசைக்கு மேலே பெரிய மரப் பலகை தொங்கும். ஓரத்தில் ஓர் அடிமைச் சிறுவன் நின்று கயிற்றை இழுக்க, அது ஆடி ஈயை விரட்டும். அதற்குப் பெயர் பங்கா. ஆம், வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர் கோர்ட்டுகளில் ஆள் வைத்து இழுத்த அதே பங்கா, பெயரும் இந்தியாவிலிருந்து போனதுதான். மாமியார் கேள்விப்பட்டிருக்கலாம், பேரனுக்கு அவரே சொல்லட்டும். ஊருக்குள் ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு என்ற முச்சந்தியும் இருக்கிறது. வர்ஜீனியா பக்கத்திலிருந்து கொண்டுவந்த மனிதர்களை விற்ற சந்தை அது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனாலும் இறங்கி நில்லுங்கள்.

விட்னியில் நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர், மாமியாருக்கு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். சைவம் என்றால் புளிசாதம் கட்டிக்கொள்வது உத்தமம்.

மகனுக்கு என்ன சொல்வது என்றீர்கள். ஓக் ஆலியில் ஆன்ட்வான் என்ற தோட்டக்காரர் அடிமையாக இருந்தார். 1846 வாக்கில் பீக்கான் என்ற கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டி, மெல்லிய ஓடுள்ள காயை உருவாக்கினார். வணிகமாகப் பயிரிட்ட முதல் பீக்கான் ரகம் அதுதான், 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசும் வாங்கியது. ஆனால் தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் ஆன்ட்வானின் பெயருக்கு எதிரே 1,000 டாலர் என்று விலை எழுதியிருந்தது. நியூ ஆர்லின்ஸில் அவனுக்குப் பீக்கான் மிட்டாய் வாங்கிக் கொடுப்பீர்கள் அல்லவா, அப்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு இது புரியும்.